யாரும் சாகாத ஆஸ்பத்திரி

முதல் அடி இடது காதில் விழுந்தது. அடித்தது ஒரு பெண்ணின் கை. கண்ணாடி வளையல் உடைந்து அதில் ஒரு துண்டு என் கழுத்தில் ஏறியது. திரும்பிப் பார்ப்பதற்குள் முதுகில் இரும்பு விழுந்தது. டிரிப் பாட்டில் தொங்கவிடும் ஸ்டாண்டைத் தூக்கி அடித்திருந்தான் ஒருவன். அடுத்தது முகத்துக்கு வருவதைப் பார்த்து இடது கையைக் குறுக்கே தூக்கினேன். எலும்பு முறிந்த சத்தம் எனக்கே கேட்டது. கீழே விழுந்த பிறகு வயிற்றில் உதைத்தார்கள். வெறுங்காலால் உதைத்தார்கள், ஏனென்றால் ஐ.சி.யூ.வுக்குள் வருகிறவர்கள் செருப்பை வெளியே கழற்றிவிட்டு வர வேண்டும் என்பது எங்கள் விதி. அந்த விதியை மட்டும் ஒழுங்காகக் கடைப்பிடித்திருந்தார்கள்.

ஆரணியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நான் நர்ஸ். பெயர் தனலட்சுமி, வார்டில் தனம் சிஸ்டர். பிறந்தது தேவிகாபுரம் பக்கம். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் நிலத்தில் கூலி வேலை செய்து என்னை நர்சிங் படிக்க வைத்தார்கள். வீட்டுக்காரர் குமரேசன் பவர்லூம் ஷெட்டில் தறி ஓட்டுகிறார். உடம்பு தேறிய பிறகு இதை எழுத உட்கார்ந்தபோது, நிதானமாக, பெருந்தன்மையாக எழுத வேண்டும் என்றுதான் நினைத்தேன். வரவில்லை. வந்த கோபத்தோடேயே எழுதுகிறேன்.

அடித்ததற்குக் காரணம் சொல்ல வேண்டுமானால் எங்கள் ஆஸ்பத்திரியின் நல்ல பெயரிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். அங்கே யாரும் சாவதில்லை. கை மீறிப் போகிற நோயாளியை, பல சமயம் கை மீறியே போய்விட்ட நோயாளியை, வேலூர் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடுவது வழக்கம். மூச்சு நின்றவரின் முகத்தில் ஆக்சிஜன் மாஸ்க்கை மாட்டி, "நாடி இருக்குது, ஜல்தியா போங்க" என்று வேனில் ஏற்றிவிடுவார்கள். கண்ணமங்கலம் தாண்டுவதற்குள் கூட வருகிறவர்களுக்கே விஷயம் தெரிந்துவிடும். சாவு ரோட்டில் நடந்ததாகிவிடும், கட்டடத்தின் கண்ணாடி கல்லடியிலிருந்து தப்பிக்கும். இதில் ஒரு முறை உண்டு. அனுப்பச் சொல்வது டாக்டர். சொந்தக்காரர்களிடம் போய்ச் சொல்வது சிஸ்டர். சிஸ்டர் முன்பக்கம் பேசிக்கொண்டிருக்கும்போது டாக்டர் பின்பக்கப் படியில் இறங்கி வீட்டுக்குப் போய்விடுவார்.

ஒருமுறை அப்படி ஒரு வேனில் என்னையும் துணைக்கு ஏற்றினார்கள். வழி முழுக்க அந்தத் தாய் மகளின் உள்ளங்காலைத் தேய்த்துச் சூடு ஏற்றிக்கொண்டே வந்தாள். சூடு ஏறவில்லை என்று என்னிடம் திரும்பத் திரும்பச் சொன்னாள். இனி இந்தப் பொய்யை என் வாயால் சொல்ல மாட்டேன் என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன்.

அன்று வந்தவர் பட்டு நெசவாளர். நடுவயது. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு தறியில் உட்காரும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்திருக்கிறார். மாரடைப்பு. இதயத்துக்கே ரத்தம் கொண்டுபோகிற குழாய் அடைத்துக்கொண்டால் இதயமே பட்டினி கிடந்து துடிப்பை நிறுத்தும், அதுதான் மாரடைப்பு. அவர் நெஞ்சில் இரண்டு கையையும் வைத்து மாற்றி மாற்றி அழுத்தினோம். விலா எலும்பு என் உள்ளங்கைக்குக் கீழே நொறுங்குவது தெரிந்தது. சரியாக அழுத்தினால் அப்படித்தான் ஆகும். திரையில் கோடு நேராகவே ஓடியது. ஆஸ்பத்திரியின் முதலாளியான பெரிய டாக்டர் கையுறையைக் கழற்றிக் கூடையில் போட்டார்.

"முடிஞ்சிடுச்சு. வேலூர்னு சொல்லி அனுப்பிடுங்க."

"சார், நீங்க வந்து சொல்லிடுங்க சார். நாம எல்லாத்தையும் பண்ணிட்டோம்னு சொல்லுங்க."

"சொன்னதைச் செய்ம்மா" என்றார். படியில் அவர் செருப்புச் சத்தம் இறங்கிப் போவது கேட்டது.

ஆக்சிஜனை நிறுத்தினேன். அவர் கண்ணை மூடிவிட்டு, போர்வையை நெஞ்சுவரை இழுத்துவிட்டு வெளியே வந்தேன். அவர் மனைவியும் தம்பியும் இன்னும் சில உறவினர்களும் நின்றிருந்தார்கள். மனைவிதான் முதலில் கேட்டாள்.

"வேலூருக்கு இட்டுக்கினு போணுமா சிஸ்டர்? வேன் சொல்லிட்டோம், வந்துகினு கீது."

"வேன் வேணாம்மா. அவரு போயிட்டாரு."

உள்ளே ஓடினார்கள், நானும் பின்னாலேயே போனேன். தம்பியின் கண் நேராக ஆக்சிஜன் குழாய்க்குப் போனது. "ஆக்சிஜன யாருடி நிறுத்துனது? எல்லாரையும் வேலூருக்கு அனுப்புறீங்க, எங்கண்ணன மட்டும் இங்கியே வச்சி சாவடிச்சிட்டியே!" என்று கத்தினான். ஊரில் எல்லோருக்கும் கிடைக்கிற வேலூரை அவன் அண்ணனுக்கு மட்டும் நான் கொடுக்காமல் விட்டுவிட்டேன் என்று நினைத்துவிட்டான். வருஷக்கணக்காக நாங்கள் சொல்லிவந்த பொய்யை அந்த ஊரே நம்பியிருந்தது. உண்மையைச் சொன்னவளுக்குத்தான் அடி.

மனைவி அறைந்ததை நான் மன்னித்துவிட்டேன். அந்த நேரத்தில் அவள் கைக்குக் கிடைத்தது என் கன்னம். தம்பியின் உதையை மன்னிக்கவில்லை, மன்னிக்கப் போவதும் இல்லை. கூட இருந்த சின்னப் பெண் சிஸ்டர் மருந்து அறைக்குள் ஓடித் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள். நல்லது செய்தாள். இல்லையென்றால் இரண்டு கட்டில் போட வேண்டியிருந்திருக்கும்.

கடைசியில் அவர்களை இழுத்து வெளியே தள்ளியது வாட்ச்மேனும் மற்ற நோயாளிகளின் ஆட்களும். என்னைத் தூக்கி, இறந்தவருக்குப் பக்கத்துக் கட்டிலில் படுக்க வைத்தார்கள். போலீஸ் வந்துவிட்டது என்று தெரிந்த பிறகு பெரிய டாக்டர் வந்தார். குனிந்து, என் முகத்தைப் பார்த்துக் கேட்டார்.

"நீ என்னம்மா சொன்ன அவங்ககிட்ட?"

இடது காதில் விசில் அடித்துக்கொண்டிருந்தது. வலது காதில் இந்தக் கேள்வி தெளிவாகவே விழுந்தது. எங்கே அடிபட்டது என்று கேட்கவில்லை. வலிக்கிறதா என்று கேட்கவில்லை. பட்ட அத்தனை அடியிலும் எனக்கு அதிகம் வலித்தது அந்த ஒரு வரி.

முன்கையில் சுண்டுவிரல் பக்கம் ஓடுகிற எலும்பு முறிந்திருந்தது. அடியைத் தடுக்கக் கையைத் தூக்குகிறவர்களுக்கு முறிகிற எலும்பு அது. காதுக்குள் இருக்கும் சவ்வில் ஓட்டை. இந்த இரண்டையும் உடனே கண்டுபிடித்து, கைக்குக் கட்டுப்போட்டார்கள். வயிற்றைத் தொட்டுப் பார்த்து, "சாதா வீக்கம்" என்றார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

மறுநாள் இடது தோள் வலித்தது. தோளில் அடியே படவில்லை. எழுந்து உட்கார்ந்தால் கண் இருட்டியது. கழுத்தில் என் நாடியை நானே தொட்டுப் பார்த்தேன், வேகமாக ஓடிக்கொண்டிருந்தது. வயிற்றுக்குள் ரத்தம் கசிந்து மேலே இருக்கும் தசையைத் தொட்டால், அந்த வலி தோளில் போய்க் காட்டும். படிக்கும்போது பரீட்சைக்காக மனப்பாடம் செய்தது, இப்போது என் தோளிலேயே வந்து உட்கார்ந்திருந்தது. ஸ்கேன் எடுத்தார்கள். மண்ணீரல் கிழிந்திருந்தது. இடது விலாவுக்குப் பின்னால் பதுங்கியிருக்கிற, ஒரு கைப்பிடிக்குள் அடங்குகிற உறுப்பு அது. ரத்தத்தை வடிகட்டுகிற வேலை அதற்கு. உள்ளே முழுக்க ரத்தம் என்பதால், கிழிந்தால் சத்தமில்லாமல் கொட்டிக்கொண்டே இருக்கும்.

பெரிய டாக்டர் என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டு, "வேலூருக்கு எடுத்துட்டுப் போயிடுங்க" என்றார்.

குமரேசன் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். பிறகு எழுந்து டாக்டரின் சட்டையைக் கொத்தாகப் பிடித்தார். "நெசத்த சொல்லுங்க. உயிரு கீதா, இல்லியா? உயிரு இல்லாததத்தான நீங்க வேலூருக்கு அனுப்புவீங்க? என் பொண்டாட்டியே சொல்லிக்கீறா!"

ஸ்ட்ரெச்சரில் கிடந்த நான் நல்ல கையை நீட்டி அவர் இடுப்பில் அழுத்திக் கிள்ளினேன். "கீறேன்யா. சட்டைய உடு, வண்டிய எடுக்கச் சொல்லு" என்றேன். டாக்டர் என்னைப் பார்க்கவே இல்லை. சட்டையைச் சரிசெய்துகொண்டு தரையைப் பார்த்தார்.

கண்ணமங்கலம் ரோட்டில் ஒவ்வொரு வேகத்தடையும் என் வயிற்றில் ஒரு உதை. குமரேசன் என் உள்ளங்காலைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தபடி வந்தார். கையை எடுக்கச் சொல்லலாம் என்று இருந்தது. அந்தத் தாய் ஞாபகத்துக்கு வந்தாள். சொல்லாமல் விட்டுவிட்டேன்.

வேலூரில் நாங்கள் போன ஆஸ்பத்திரியில் உடனே வயிற்றைத் திறக்கவில்லை. கிழிசல் தானாக அடைத்துக்கொள்கிறதா என்று காத்திருந்து பார்க்கலாம் என்றார்கள். அடைக்காவிட்டால் எந்த நிமிஷமும் ஆபரேஷன். அதனால் அசையக்கூடாது, சாப்பிடக்கூடாது, ஒரு வாய் தண்ணீர்கூடக் கூடாது. மயக்க மருந்து கொடுக்கும்போது வயிற்றில் ஏதாவது இருந்தால் அது மேலே ஏறி மூச்சுக் குழாய்க்குள் போய்விடும். இதை எத்தனையோ பேருக்கு நானே சொல்லியிருக்கிறேன். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும் என்று யாருக்கும் சொன்னதில்லை, எனக்குத் தெரியாது. ரத்தம் ஏற்றினார்கள், ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள், மறுபடி ஏற்றினார்கள். கண்ணை மூடினால் அந்தத் தம்பி வந்தான். ஆனால் கனவில் ஸ்டாண்ட் என் கையில் இருந்தது. அடித்துக்கொண்டே இருந்தேன். அவன் மண்டை உடைகிற சத்தத்தில் எனக்கு நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியை நினைத்து விழித்த பிறகு பயந்தேன்.

குமரேசனை ஒவ்வொரு வேளையும் கொஞ்ச நேரம் உள்ளே விட்டார்கள். மற்ற நேரமெல்லாம் காத்திருப்புக் கூடத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து கிடந்தார். என் முடியில் ரத்தம் காய்ந்து சிக்குப் பிடித்திருந்தது. தறியில் அறுந்த இழையைத் தேடி எடுத்து முடிபோட்டுப் பழகிய விரல்கள் அவருக்கு. சீப்பே இல்லாமல் ஒவ்வொரு சிக்காகப் பிரித்து எடுத்தார், ஒரு முடிகூட இழுபடவில்லை. பிரித்துக்கொண்டே காதோடு சொன்னார்: "உன்ன ஒதச்சான் இல்ல, அந்தக் கால வெட்டாம உட மாட்டேன்." கேட்க எனக்கு இனிமையாகத்தான் இருந்தது.

அதே மனுஷன்தான் மறுநாள் மதியம் ஒரு எவர்சில்வர் டம்ளரில் தண்ணீரை மறைத்து எடுத்துக்கொண்டு வந்தார். நான் முனகுவதை அவரால் தாங்க முடியவில்லை. என் கட்டிலைப் பார்த்துக்கொண்ட ஜெனிஃபர் என்கிற சின்ன சிஸ்டர் அதைப் பார்த்துவிட்டு ஓடி வந்தாள். "அண்ணா, தண்ணி குடுக்கக் கூடாதுண்ணா" என்று டம்ளரை வாங்கிப் பக்கத்து மேஜையில் வைத்தாள்.

"ஒரு வாய் தண்ணிக்கு இன்னாம்மா பேஜார் பண்ற? மனுசிதானா நீ?" என்று அவள் தோளைப் பிடித்துத் தள்ளினார். அவள் போய்ச் சுவரில் மோதினாள். அவர் கை மறுபடியும் ஓங்கியது.

ஜெனிஃபர் என்ன செய்தாள் தெரியுமா? இடது கையைத் தூக்கி முகத்துக்குக் குறுக்கே வைத்தாள். சுண்டுவிரல் பக்கம் வெளியே தெரிய, சரியாக என்னைப் போலவே.

அதைப் பார்த்ததும் எனக்குள் எதுவோ அறுந்துவிட்டது. அசையக்கூடாது என்பதெல்லாம் மறந்து, மேஜையிலிருந்த டம்ளரை எடுத்துத் தண்ணீரோடு வீசினேன். குமரேசனின் நெற்றியில் பட்டுத் தோல் கிழிந்தது. ரத்தமும் தண்ணீரும் மூக்கில் வழிய அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"கால வெட்டுறன்னு சொன்ன இல்ல? மொதல்ல உன் கைய வெட்டிக்க!" என்று கத்தினேன். வயிற்றில் நெருப்பு வைத்தது போல வலித்தது. அந்த வலியிலும் இன்னொரு டம்ளர் கிடைக்குமா என்று தேடினேன்.

அதற்குள் ஜெனிஃபர் சுவரிலிருந்த பட்டனை அழுத்தியிருந்தாள். ஊழியர்கள் இரண்டு பேர் ஓடி வந்து அவளுக்கும் குமரேசனுக்கும் நடுவில் நின்றார்கள். பின்னாலேயே வார்டுக்குப் பொறுப்பான இன்சார்ஜ் அம்மா வந்தார். நான் காத்திருந்தேன், எந்தக் கேள்வி வரும் என்று எனக்குத் தெரியும்: நீ என்ன சொன்ன?

அவர் ஜெனிஃபரின் தோளைத் தொட்டார். "எங்க பட்டுச்சும்மா?" என்றார்.

சட்டையின் மேலேயே தோளை அழுத்திப் பார்த்தார். தலை இடித்ததா என்று கேட்டார். "போய் உக்காரு. டீ குடி. இந்த பெட்டை வேற ஆள் பாத்துக்குவாங்க. திரும்ப வரணுமா வேணாமான்னு நீயே சொல்லு" என்று அனுப்பினார். அப்புறம்தான் என் வீட்டுக்காரரிடம் திரும்பினார். குரலை உயர்த்தவே இல்லை. "தண்ணி ஏன் கூடாதுன்னு டாக்டரே வந்து சொல்லுவாரு. நீங்க எவ்வளவு நேரம் வேணாலும் அவர்கிட்ட கேளுங்க. ஆனா எங்க பிள்ளைங்க மேல கை வச்சீங்கன்னா உள்ள விட மாட்டோம்." டாக்டர் நிஜமாகவே வந்தார். குமரேசன் நெற்றியில் பஞ்சை அழுத்திக்கொண்டு, பள்ளிக்கூடப் பையன் மாதிரி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். எனக்கு மறுபடி ஸ்கேன் எடுத்தார்கள். நல்ல வேளையாகப் புதுக் கசிவு இல்லை.

அது ஒன்றும் சொர்க்கம் இல்லை. அங்கேயும் ஆள் குறைவுதான், சிஸ்டர்களுக்குக் கால் வீங்கத்தான் செய்தது. ஆனால் என் கட்டிலிலிருந்து நான் பார்த்தேன். எதிர்க் கட்டிலில் ஒருவர் இறந்தபோது டாக்டர் உறவினர்களை ஒரு அறைக்குக் கூட்டிப்போய் உட்கார வைத்து, அவரே வாய்திறந்து சொன்னார். பக்கத்தில் சிஸ்டர் ஒருத்தி இருந்தாள், வாசலில் இன்னொருவர் இருந்தார். அழுகைச் சத்தம் வந்தது. கத்தினார்கள், சுவரில் முட்டிக்கொண்டார்கள். கை ஓங்கவில்லை என்று சொல்ல முடியாது. ஓங்கிய கைக்கு எதிரே ஒருத்தி தனியாக நிற்கவில்லை. இறந்தவரைக் குளிப்பாட்டித் துடைத்த சிஸ்டரைக் கொஞ்ச நேரம் வெளியே அனுப்பிவிட்டு, இன்சார்ஜ் அம்மாவே அவள் கட்டில்களைப் பார்த்துக்கொண்டார். நான் இத்தனை வருஷம் வேலை செய்கிறேன், இதெல்லாம் செய்ய முடியும் என்று எனக்குத் தெரியாது.

மறுநாள் ஜெனிஃபர் தானாகவே என் கட்டிலுக்கு வந்தாள். குமரேசன் காலில் விழாத குறையாக மன்னிப்புக் கேட்டார். அவள், "உங்களுக்கு அக்கா குடுத்ததே போதும்ணா" என்று சிரித்துவிட்டு என் பிளட் பிரஷரைப் பார்த்தாள்.

மண்ணீரல் தானாகவே அடைத்துக்கொண்டது. வீட்டுக்கு வந்தேன். பயம் மட்டும் கூடவே வந்தது. தெருவில் யாராவது வேகமாக நடந்து வந்தால் இடது கை தானாக மேலே போகும். திரும்ப வார்டில் நிற்க முடியுமா என்பதுதான் கேள்வி. நர்ஸ் வேலையை விட்டால் எனக்கு வேறு வேலை தெரியாது, வேறு எதுவும் பிடிக்கவும் இல்லை.

பெரிய டாக்டர் ஆப்பிள் வாங்கிக்கொண்டு வந்தார். கூட எங்கள் இன்சார்ஜ் ரெஜினா அக்காவும் வந்திருந்தார். செலவை ஆஸ்பத்திரியே ஏற்றுக்கொள்ளும், போலீஸ் கேஸை மட்டும் பேசி முடித்துக்கொள்ளலாம் என்றார் டாக்டர்.

"கேஸ் நடக்கட்டும் சார். நான் வேலைக்கு வரேன். ஆனா இனிமே சாவை நீங்கதான் சொல்லணும். பொணத்தை வண்டியில ஏத்தச் சொல்லி எங்ககிட்ட சொல்லக் கூடாது. யாரும் தனியா நிக்க மாட்டோம்."

"ஆஸ்பத்திரியில சாவு விழுதுன்னு பேரு கெட்டுடும்மா."

"விழுந்துகினுதான் கீது சார். ரோட்டுல விழுது."

அவர் ரெஜினா அக்காவைப் பார்த்தார், ஒத்து ஊதுவார் என்று நினைத்து. அக்கா புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு சொன்னார்: "எல்லா சிஸ்டரும் இதத்தான் சொல்றாங்க சார். ஒத்துக்கலன்னா நாளைக்கி வார்டுல நீங்கதான் ஊசி போடணும்." டாக்டர் ஆப்பிள் பையை மேஜையில் வைத்துவிட்டு, கடைசியில் சரி என்றார்.

வேலைக்குத் திரும்பி அதிக நாள் ஆகவில்லை. போளூர் பக்கத்திலிருந்து விஷம் குடித்த ஒரு பெண்ணைக் கொண்டுவந்தார்கள். காப்பாற்ற முடியவில்லை. பெரிய டாக்டர் கையுறையைக் கழற்றினார். அவர் கண் பின்பக்கப் படிக்குப் போவதை நான் பார்த்தேன். நாங்கள் மூன்று பேர் அவருக்குப் பக்கத்தில் போய் நின்றோம். அவர் அசையாமல் நின்றார். பிறகு முன்பக்கம் நடந்தார்.

அவளுடைய அப்பனை உட்காரச் சொன்னார். அவன் உட்காரவில்லை. டாக்டரின் வாக்கியம் பாதியில் உடைந்தது, ஆனாலும் சொல்லிவிட்டார். அந்த மனுஷன் அடித் தொண்டையில் கத்தினான். நாற்காலியைத் தூக்கிச் சுவரில் அடித்தான். அதன் ஒரு கால் ஒடிந்து தெறித்தது. கையை ஓங்கிக்கொண்டு எங்களை நோக்கி வந்தான்.

யாரும் ஓடவில்லை. ஓங்கிய கை அவன் தலையிலேயே விழுந்தது. மறுபடி மறுபடி தன் தலையிலேயே அடித்துக்கொண்டான். ரெஜினா அக்காவும் வாட்ச்மேனும் அந்தக் கைகளைப் பிடித்துக்கொள்ள, அவன் டாக்டரின் காலடியிலேயே சரிந்து அழுதான்.

எல்லாம் அடங்கிய பிறகுதான் கவனித்தேன். என் இடது கை முகத்துக்குக் குறுக்கே தூக்கியபடியே நின்றிருந்தது. இறக்கப் பார்த்தேன், இறங்கவில்லை. ரெஜினா அக்கா வந்து அந்தக் கையை இரண்டு கையாலும் பிடித்து மெதுவாகக் கீழே இறக்கினார்.

"எங்க வலிக்குது தனம்?" என்று கேட்டார்.

என் மேல் யாருமே கை வைக்கவில்லை, எங்கும் வலிக்கவில்லை. ஆனாலும் இங்கே, இங்கே என்று உடம்பு முழுக்கக் கையால் காட்டி, தரையில் உட்கார்ந்து ஓவென்று அழுதேன்.